பாசி எடுக்கும் அக்காவும் 85,000 ரூபாய் லேசரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் கடற்கரையில் மகளிர் நல மருத்துவம் பார்க்கிறேன். இது ஒரே ஒரு பெண்ணின் பதினைந்து மாதச் சிகிச்சைக் கதை. அவரிடம் சம்மதம் கேட்ட பிறகே எழுதுகிறேன். "எம்பேரு வேணாம் டாக்டரம்மா. பாசி எடுக்குற பொம்பளைன்னு போட்டுக்கங்க, அது போதும்" என்றார். ஊரையும், ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஓரிரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நோயும் மருந்தும் நடந்தது நடந்தபடி.

வயது 51. நான்கு பிள்ளைகள், நான்கும் சுகப்பிரசவம். மூத்தது வீட்டிலேயே பிறந்தது, கடைசிப் பிள்ளை 4 கிலோவுக்கு மேல். 46 வயதில் மாதவிலக்கு நின்றுவிட்டது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. அறுவைச் சிகிச்சை எதுவும் நடந்ததில்லை.

கச்சான் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்த ஆனி மாதம். கடலுக்குப் போக முடியாத நாட்கள் என்பதால்தான் வந்தார். கூட வந்த மகள் மதுரையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து வழவழப்பான தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். "மேடம், அம்மாவுக்கு இதைச் செய்யலாமா, வேண்டாமான்னு மட்டும் சொல்லுங்க. செயினை அடகு வெச்சிட்டேன். அடுத்த வாரம் மீதிப் பணம் கட்டணும்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. நாற்காலி நுனியில், மடித்த துண்டு ஒன்றைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நாற்காலி நனைந்துவிடக் கூடாதே என்று அந்தத் துண்டு.

ஆறு வருடங்கள்

மகளைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன பிறகுதான் பேச்சு வந்தது. இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு இன்னும் மோசம். ஊற்றிலிருந்து குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கிற நொடியில் கண்டிப்பாகப் போய்விடும்.

இந்தக் கரையில் மணலைத் தோண்டி, ஊறுகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவார்கள். குனிந்து, உட்கார்ந்து, எழுந்து, பிறகு நிறை குடத்தைத் தூக்க வேண்டும். அடிவயிற்றின் முழு அழுத்தமும் கீழே இறங்குகிற வேலை அது. பதினான்கு வயதிலிருந்து அதைச் செய்கிறார்.

அப்புறம் எரிச்சல். "மிளகாய அரைச்சுப் பூசுன மாதிரி." வருடத்துக்கு நான்கைந்து முறை நீர்க்கடுப்பு. ஒவ்வொரு முறையும் மருந்துக்கடையில் சொல்லி மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். சிறுநீர்ப் பரிசோதனை ஒரு முறைகூடச் செய்ததில்லை. இரவில் அரிப்பு. கணவரிடமிருந்து மூன்று வருடமாக விலகியே படுக்கிறார். "அவரு பக்கத்துல வந்தாலே ஒடம்பு வெறைச்சுப் போகுது. ரெண்டு தரம் ரத்தம் வந்துச்சு. அவரு பயந்துட்டாரு. ஒண்ணும் கேக்குறதில்ல இப்ப."

அந்த ரத்தத்தைப் பற்றித்தான் நான் முதலில் குறித்துக்கொண்டேன். மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பரிசோதித்தே ஆக வேண்டும். பெரும்பாலும் வறண்ட தோல் கிழிந்ததாக இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயும் அப்படித்தான் தலைகாட்டும். ஸ்கேனில் கருப்பை உட்சுவர் மெல்லியதாக, சரியாகவே இருந்தது. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் கருப்பைவாய்ப் பரிசோதனையிலும் வெண்மை எதுவும் தெரியவில்லை. அந்த இரண்டும் தெளிவான பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவருடைய தொழிலையும் சொல்ல வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வத்தம், அதாவது கடல் நீர் வற்றுவது, நன்றாக இறங்கும். அப்போது விடியற்காலையில் படகேறி மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரம் போவார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி. மூச்சை அடக்கி முங்கி, பாறையைப் பற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி எடுப்பார்கள். அகர் எடுப்பது அந்தப் பாசியிலிருந்துதான். ஐந்தாறு மணி நேரம் உப்புத் தண்ணீரில். படகில் ஒதுங்க இடமில்லை. அதனால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார். கரைக்குத் திரும்பிய பிறகும் பாசியைக் காயப்போட்டு முடிக்கிறவரை அதே ஈரத் துணி.

நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதில் பாதி அந்த ஒரு பத்தியிலேயே இருக்கிறது.

பரிசோதனையில்

நிற்கவைத்து இருமச் சொன்னேன். இரண்டாவது இருமலில் தரையில் சொட்டியது. யோனியின் முன்சுவரும் அதோடு சிறுநீர்ப்பையும் வாசல்வரை இறங்கியிருந்தன. இரண்டாம் நிலை இறக்கம் என்று எழுதிக்கொண்டேன். கிராமத்தில் 'அடி இறங்கியிருக்கு' என்பார்கள். இடுப்புத் தளத் தசையை இறுக்கச் சொன்னபோது விரலுக்குத் தெரிந்தது ஒரு சிறு துடிப்பு மட்டும். 5-க்கு 1.

உள்சுவர் வெளிறி, மடிப்புகள் இல்லாமல், தொட்டால் கிழிகிற காகிதம் போல் இருந்தது. புளிப்பை அளக்கும் பிஎச் தாளை வைத்துப் பார்த்தேன்: 6.5. எண் குறைந்தால் புளிப்பு அதிகம். மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் வயதில் 3.8-லிருந்து 4.5-க்குள் இருக்க வேண்டியது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இருக்கிறவரை உள்சுவர்ச் செல்களில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு சேரும். அதை உண்டு வாழும் லாக்டோபேசிலஸ் நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும். அந்தப் புளிப்புதான் காவல். ஈஸ்ட்ரோஜன் வற்றினால் செல் அடுக்கு மெலியும், புளிப்பு போகும், குடலில் இருக்கும் கிருமிகள் சிறுநீர்ப் பாதைக்குச் சுலபமாக ஏறிவரும். இந்த வறட்சி, எரிச்சல், வலி, நீர்க்கடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து 2014-ல் ஒரே பெயரில் அழைக்கத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஜிஎஸ்எம், அதாவது மாதவிலக்கு நின்ற பிறகு பிறப்புறுப்பிலும் சிறுநீர்ப் பாதையிலும் வரும் தொல்லைகளின் தொகுப்பு. யோனியும் சிறுநீர்ப் பாதையும் ஒரே ஈஸ்ட்ரோஜனை நம்பியிருக்கிற திசுக்கள் என்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெயர்.

சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, அனுப்பியதில் ஈ.கோலை என்ற குடல் கிருமி வளர்ந்தது. அவர் வழக்கமாக வாங்கிப் போடும் மாத்திரைக்கு அது கட்டுப்படவில்லை.

வெளித்தோல் சிவந்து, சொறிந்த தடங்களோடு இருந்தது. உப்பும் ஈரத்துணியும் செய்த வேலை என்று எழுதினேன். பின்னர் இந்த வரிக்கே திரும்பி வருகிறேன்.

அந்தத் தாளில் இருந்தவை

மகள் விரித்த தாளில் 'அறுவைச் சிகிச்சை இல்லாத புத்துயிர்ப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மூன்று முறை லேசர், இரண்டு முறை பிஆர்பி ஊசி, கூடவே 'ஸ்டெம் செல் சீரம்'. மொத்தம் 85,000 ரூபாய். 5,000 முன்பணம் கட்டியாகிவிட்டது. அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். எனக்குத் தாங்க முடியாமல் போனது வேறு. அங்கே யாரும் இந்த அம்மாவைத் தொட்டுப் பார்க்கவில்லை. இருமச் சொல்லவில்லை, சிறுநீரைப் பார்க்கவில்லை. மகள் வீடியோ காலில் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேக்கேஜ் எழுதித் தந்திருந்தார்கள்.

மகளிடம் ஒவ்வொன்றாக விளக்கினேன். நகையை அடகு வைக்கும் அளவுக்கு அம்மாமேல் பாசம் வைத்திருக்கும் பெண்ணிடம் 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமில்லை.

லேசரின் யோசனை இது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். திசுவில் உள்ள நீர் அதைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். யோனிச் சுவரில் புள்ளி புள்ளியாக நுண்ணிய சூட்டுக் காயங்களை உண்டாக்கினால், அவை ஆறும்போது திசுவுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனும் புது ரத்தக் குழாய்களும் புதிதாக வரும், சுவர் தடிக்கும் என்பது எதிர்பார்ப்பு. முகத் தழும்புகளுக்குப் பல காலமாகச் செய்வதுதான். 2,940 நானோமீட்டரில் இயங்கும் எர்பியம் லேசர், ரேடியோ அலை எல்லாம் இதன் உறவுகள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் ஆரம்பத்தில் ஆர்வத்தோடு படித்தேன். ஆரம்ப ஆய்வுகளில் பெண்கள் குணம் தெரிவதாகச் சொன்னார்கள். ஆனால் அவற்றில் பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. 2018 ஜூலை 30-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. இந்தக் கருவிகளை யோனிப் 'புத்துயிர்ப்புக்கு', வறட்சிக்கு, சிறுநீர்க் கசிவுக்கு என்று விற்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. சூட்டுக் காயம், தழும்பு, உறவின்போது வலி, நாள்பட்ட வலி ஆகியவை நேர்ந்திருக்கின்றன என்றது. ஏழு கருவி நிறுவனங்களுக்குக் கடிதமும் அனுப்பியது.

என் மனதை முடிவாக மாற்றியது 2021-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த சிட்னி ஆய்வு. மாதவிலக்கு நின்ற 85 பெண்கள். ஒரு பாதிக்கு நிஜ லேசர். மறுபாதிக்கு அதே கருவி, அதே சத்தம், ஆனால் திசுவை எட்டாத அளவு சக்தி. யாருக்கு எது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. மூன்று முறை செய்து, பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தார்கள். இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. போலிச் சிகிச்சை பெற்றவர்களும் தொல்லை குறைந்திருக்கிறது என்றே சொன்னார்கள். அக்கறையோடு ஒருவர் கவனித்துக் கேட்டதும் வலி கொஞ்சம் இறங்குகிறது. அது உண்மையான இறக்கம்தான், ஆனால் லேசரின் வேலை அல்ல.

பிஆர்பி என்பது அவரவர் ரத்தத்தையே 10, 20 மில்லி எடுத்து, சுழலியில் சுற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து ஊசியாகப் போடுவது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் சாதாரணமாக இருக்கும். பிஆர்பியில் அதைப்போல் பல மடங்கு. காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் வெளிவிடும் வளர்ச்சிக் காரணிகள் திசுவைச் சரிசெய்யத் தூண்டும். மூட்டுக்கும் முடிக்கும் போடுகிறார்கள். பெண்ணுறுப்புக்குப் போட்டுச் செய்த ஆய்வுகள் சிறியவை. ரத்தம் எவ்வளவு, எத்தனை சுற்று, எவ்வளவு செறிவு என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை பயம் குறைவு. அதற்காக அது வேலை செய்யும் என்றாகிவிடாது.

ஸ்டெம் செல் என்ற சொல்லைப் பார்த்ததும் மகளிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, குறிப்பிட்ட ரத்த நோய்களுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக் கூடாது. ஆய்வில் சேர்பவரிடம் பணமும் வாங்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் ஏமாற்று என்று நான் ஒதுக்கவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்து, ஈஸ்ட்ரோஜன் பக்கமே போக முடியாத பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்று மனதாரப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒழுங்கான ஆய்வுகள் நடக்கட்டும். ஆனால் 'மீண்டும் வளரவைக்கிறோம்' என்று ஒருவர் சொன்னால், 'எது போயிருக்கிறது என்று பார்த்தீர்களா?' என்று கேட்க வேண்டும். இந்த அக்காவிடம் போனவை இரண்டு: ஈஸ்ட்ரோஜன், தசையின் பலம். லேசரால் ஈஸ்ட்ரோஜனைத் தர முடியாது. ஊசியால் தசைக்கு வேலை கற்றுத்தர முடியாது.

மகள் தாளை மடித்தார். "அப்ப அஞ்சாயிரம் போச்சா மேடம்?"

போனது. திரும்பக் கேட்டுப் பார்த்தார், தரவில்லை.

மூச்சைப் பிடிக்காமல்

கல்ச்சர் காட்டிய மருந்தால் நீர்க்கடுப்பை முதலில் அடக்கினோம். பிறகு ஈஸ்ட்ரோஜன் வகையான எஸ்ட்ரியால் கிரீம். முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், அதன் பிறகு வாரம் இருமுறை. மகள் பயந்தபடியே கேட்டார்: "ஹார்மோன்னா கேன்சர் வருமா?" மாத்திரையாக உடம்பு முழுக்கப் போகும் ஹார்மோன் வேறு, இது வேறு. அந்த இடத்துக்கு மட்டும் தடவும் சிறு அளவு, ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களும் மட்டும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். ஒரு ட்யூப் சில நூறு ரூபாய்தான்.

உள்ளபடியே திசுவை மீண்டும் வளரவைப்பது இந்த ட்யூப்தான் என்பது என் எண்ணம். செல் அடுக்கு தடிக்கிறது, கிளைக்கோஜன் சேர்கிறது, லாக்டோபேசிலஸ் திரும்பி வருகிறது. 1993-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த 93 பெண்களில் எஸ்ட்ரியால் கிரீம் போட்டவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 0.5 முறை, வெறும் கிரீம் போட்டவர்களுக்கு 5.9 முறை நீர்க்கடுப்பு வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். விளம்பரத் தாளில் மட்டும் வராது.

கசிவுக்கு இடுப்புத் தளப் பயிற்சி. 1948-ல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதியதிலிருந்து அவர் பெயராலேயே சொல்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று, இருமல்-தும்மல் கசிவு உள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள், செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர் என்கிறது. ஒரே நிபந்தனை, சரியாகச் செய்ய வேண்டும். குறைந்தது மூன்று மாதம் விடாமல்.

சரியாகச் செய்வதில்தான் சிக்கல் வந்தது. இறுக்குங்கள் என்றால் அக்கா மூச்சை அடக்கி, வயிற்றை முக்கி, எல்லாவற்றையும் கீழே தள்ளினார். நேர் எதிர்! மூன்று தரம் சொல்லியும் அதே. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாற்பது வருடமாக அவர் பிழைப்பே மூச்சை அடக்கி முங்குவதுதான். உடம்பில் பலம் என்றால் அவருக்கு மூச்சடக்கம். அந்த மூச்சடக்கமும் முக்கலும் சேர்ந்துதான் வருடக்கணக்காக அடியை இறக்கியும் இருக்கின்றன.

'சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது போல', 'காற்றை அடக்குவது போல' என்று நாங்கள் வழக்கமாகச் சொல்லும் எதுவும் அவருக்குப் பிடிபடவில்லை. என் விரலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடியே மேலே இழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர் அவராகவே சொன்னார்: "டாக்டரம்மா, பாறையில பூ மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். விரல் பட்டா உள்ளுக்குள்ள சுருக்கிக்கும். அது மாதிரியா?"

அது மாதிரியேதான். அடுத்த முறை விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. இப்போது மற்ற பெண்களுக்கும் அதையே சொல்லித் தருகிறேன். கடலில் இறங்கும் பெண்களுக்கு உடனே புரிகிறது.

ஒரு தடவைக்கு எட்டு முறை இறுக்கம், நாளுக்கு மூன்று தடவை. குடம் தூக்கும் முன், இருமும் முன், முதலில் சுருக்கிவிட்டுப் பிறகு தூக்கு. மூச்சை விட்டுக்கொண்டே தூக்கு. இறக்கத்தைத் தாங்க யோனிக்குள் வைக்கும் சிலிக்கோன் வளையம் ஒன்றையும் பொருத்தினேன். கடலுக்குப் போகும் நாளில் அவரே போட்டுக்கொள்ளவும் இரவில் கழற்றிக் கழுவவும் கற்றுக்கொண்டார்.

கசிவு எத்தனை முறை என்று எழுதச் சொல்வது வழக்கம். அவருக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. ஒரு பழைய பவுடர் டப்பாவில், கசியும் ஒவ்வொரு முறையும் ஒரு சிப்பி போட்டார். முதல் வாரம் 31 சிப்பிகள். மேசையில் கொட்டி நாங்கள் இருவரும் எண்ணினோம்.

நான் தவறவிட்டது

ஆறாவது வாரம் வந்தபோது எரிச்சல் நன்றாகக் குறைந்திருந்தது. பிஎச் 5. சிப்பிகள் 19. ஆனால் இரவு அரிப்பு அப்படியே இருந்தது. "தூங்கவிட மாட்டேங்குது" என்றார்.

முதல் நாள் உப்பு என்று எழுதிய அந்தத் தோலை, நல்ல விளக்கைக் கிட்டத்தில் வைத்து மறுபடி பார்த்தேன். சிவப்பு அடங்கியிருந்ததால் அடியில் இருந்தது தெரிந்தது. வெண்மையான, சுருக்கம் விழுந்த, சிகரெட் தாள் போன்ற மெல்லிய தோல், பெண்ணுறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி எட்டு வடிவில். உள் இதழின் ஒரு பக்கம் ஓரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. உணர்ச்சி மறக்க ஊசி போட்டு ஒரு சிறு துண்டுத் தோலை எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்று வந்தது.

முதல் நாளே நான் சந்தேகித்திருக்க வேண்டும். இரவு அரிப்பு என்று அவர் சொன்னார். கடலில் வேலை செய்கிறவர் என்பதால் எல்லாவற்றையும் உப்பின் தலையில் போட்டுவிட்டேன். ஆறு வாரம் அவர் தூக்கம் கெட்டதற்கு நானும் பொறுப்பு. அதை அவரிடம் சொன்னேன்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்கும் நோய் இது. தொற்றாது. கவனிக்காமல் விட்டால் தோல் ஒட்டி வாசல் குறுகும், சிறு சதவீதத்தினருக்குப் புற்றாகவும் மாறும். மருந்து பழைய மருந்துதான்: க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டின் 0.05 சதவீத ஆயின்மென்ட். முதல் மாதம் தினமும், இரண்டாம் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. ஒரு 30 கிராம் ட்யூப் மூன்று மாதம் வரும்.

இதே நோய்க்கு பிஆர்பி ஊசியைப் போட்டுப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. சுமார் 30 பெண்கள், யாருக்கு நிஜ ஊசி, யாருக்குப் போலி ஊசி என்று யாருக்கும் தெரியாத முறை. போலி ஊசியைவிடப் பலன் இல்லை. தவிர, காயம் படும் இடத்தில் மேலும் கிளம்பும் இயல்பு இந்த நோய்க்கு உண்டு. அந்தப் பேக்கேஜுக்குப் போயிருந்தால், நோயின் பெயர்கூடத் தெரியாத அந்தத் தோலில் சூட்டுப் புள்ளிகளும் ஊசிகளும் இறங்கியிருக்கும். ஆறாவது வாரத்து விளக்கு வெளிச்சத்தில் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

சோப்பு வேண்டாம் என்றேன். கடலில் இறங்கும் முன் வெளித்தோலில் வாசலின் தடவி, ஏறிய உடனே நல்ல தண்ணீரால் கழுவி, உலர்ந்த துணி மாற்ற வேண்டும் என்றேன். "குடிக்கவே நல்ல தண்ணி இல்ல, கழுவுறதுக்கா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை இதற்கென்றே படகில் வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். துணி மாற்ற, படகில் வரும் பெண்கள் ஒரு பழைய சேலையைத் திரையாகப் பிடிக்கிறார்கள். அந்தத் திரை வந்த பிறகு ஒதுங்கவும் இடம் கிடைத்தது. இப்போது தண்ணீரும் குடிக்கிறார். படகுக்காரரிடம் பேசி அதை ஏற்பாடு செய்தது அவர்தான், நான் அல்ல.

பதினைந்தாவது மாதம்

மூன்றாம் மாதம் 9 சிப்பிகள். ஆறாம் மாதம் 3. அதன் பிறகு அங்கேயே நிற்கிறது. நிறை குடத்தை அவசரமாகத் தூக்கினால் இன்னும் கசிகிறது. தசை 5-க்கு 3. பிஎச் 4.5. பதினைந்து மாதத்தில் நீர்க்கடுப்பு ஒரே முறை, அதுவும் கிரீம் தீர்ந்து ஒரு மாதம் வாங்காமல் விட்டபோது. அறுவைச் சிகிச்சை பற்றியும் பேசினேன். மூன்று சிப்பிக்கு எதற்கு என்றார். சரிதான்.

அரிப்பு அடங்கிவிட்டது. தோலின் வெண்மை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒட்டிய இதழ் ஒட்டியதுதான், அது திரும்பாது. கணவரோடு எப்படி என்று கேட்டேன். "பயம் போயிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போன மாதம் மகளும் தனியாக வந்தார். இரண்டாவது பிரசவமாகி எட்டு மாதம். அவருக்கும் தும்மினால் கசிகிறது, அம்மாவிடம் சொல்லவில்லை. பரிசோதித்தேன், பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். பாறைப் பூவைப் பற்றி நான் ஆரம்பிக்கும் முன்பே சிரித்துவிட்டார். அம்மா வீட்டில் எல்லாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டாராம். செயினைத் திருப்பியாகிவிட்டது.

அக்காவுக்கு க்ளோபெட்டசால் வாரம் இருமுறை தொடர்கிறது. கிரீமும் அப்படியே. தோலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், ஆயுசு முழுக்க. நடுவில் ஆறாத புண்ணோ தடிப்போ தெரிந்தால் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்து மாசி மாதம், பௌர்ணமி வத்தம் முடிந்த மறுநாள்.